மார்ச் மாதம் ஒரு வார இறுதி: அப்பலாச்சிய மலையூர்களில் வாழும் தமிழ் மருத்துவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், இந்த மலையிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். தீபாவளிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கொண்டுவருகிறவள் நான்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்காரருக்கு மூன்று வருஷ வேலை என்று, அமெரிக்காவின் கிழக்கே இருக்கும் இந்த அப்பலாச்சிய மலைக்கு, மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தோம். மூன்று வருஷம் முடிந்தது, நாங்கள் பெட்டி கட்டவில்லை. இப்போது பெக்லிக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நுரையீரல் சோதனை எடுக்கிறேன். வருகிறவருக்கு மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுப்பது என் வேலை. ஆறு விநாடியாவது ஊத வேண்டும். அப்படி மூன்று தடவை சரியாக வர வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒருவர் வந்தார். வயது நாற்பத்தேழு. நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை இடிந்து விழாமல் இருக்க, பாறையில் துளைபோட்டு போல்ட் முடுக்குகிற வேலையில் இருபத்திரண்டு வருஷம். இரண்டாவது தடவை ஊதும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக் குனிந்துவிட்டார். நகங்கள் நீலமாக இருந்தன. கொஞ்சம் மூச்சு வந்ததும், "மன்னிச்சுக்கோம்மா, உன் கணக்கைக் கெடுத்துட்டேன்" என்றார். கட்டிலில் படுத்து நாலு வருஷம் ஆகிறதாம். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கிறது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

கிளம்பும்போது ஒரு காகிதப் பையைக் கொடுத்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பியது. உள்ளே பீன்ஸ் வற்றல். ஊசி நூலில் ஒவ்வொரு காயாகக் கோர்த்து, மாலைபோல் திண்ணையில் தொங்கவிட்டு, வெயிலில் சுருங்கிக் காய்ந்தது. இங்கே இதற்குத் தோல் கால்சட்டை என்று பெயர். இரவு ஊறப்போட்டு மறுநாள் பன்றிக் கொழுப்போடு மணிக்கணக்காக வேகவைப்பார்கள். நான் கொத்தவரங்காய் வற்றல் மாதிரி எண்ணெயில் பொரித்துத் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன். அடுத்த முறை அதை அவரிடம் சொன்னதும் சிரித்தார். சிரிப்பு முடியுமுன் இருமல் வந்துவிட்டது.

வருஷம் தவறாமல் மார்ச் மாதத்தில் அப்பலாச்சிய ஆய்வுக் கழகம் ஒரு மாநாடு கூட்டுகிறது. ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், ஊருக்காகப் பாடுபடுகிறவர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து 1977-ல் தொடங்கிய கழகம் அது. முதல் மாநாடு 1978-ல் கென்டக்கியின் பெரியா கல்லூரியில் நடந்தது. அலுவலகம் ஹண்டிங்டனில், மார்ஷல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் மாநாடு ஊர் ஊராகப் போகும். ஒரு வருஷம் ஒரு மாநிலத்தின் கல்லூரி, அடுத்த வருஷம் இன்னொன்று. நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் நம் ஆட்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் இல்லை. இந்த வருஷம் நீங்கள் வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

"ஆய்வு மாநாட்டில் நமக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஒரு அறையில் முனைவர் பட்ட மாணவி கட்டுரை படிக்கிறாள். அடுத்த அறையில் ஊர்த் தண்ணீரைத் தாங்களே சோதித்துப் பார்த்த பெண்கள் பாட்டில்களை மேஜைமேல் அடுக்கி வைத்துப் பேசுகிறார்கள். நடைவழியில் ஒருவர் சுரைக்குடுக்கையில் செய்த பாஞ்சோவை வாசித்துக்கொண்டிருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம் அது. நம் நாட்டில் வடக்கே செய்கிற தம்புராவுக்கும் அடியில் சுரைக்குடுக்கைதான் என்று அவரிடம் சொன்னேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

நம் கூட்டங்களில் நடக்கிற ஒரு பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு தீபாவளிக்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில், நன்கு படித்த ஒருவர் சொன்னார்: "இந்த ஊர்க்காரங்களுக்கு உழைக்கிற புத்தியே கிடையாது. ஊனமுற்றோர் பணம் வாங்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்காங்க." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும். அந்தப் பணத்துக்காக என் முன்னால் உட்கார்ந்து ஊதுகிறவர்களை எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், முதுகை நிமிர்த்த முடியாத உயரத்தில், முழங்காலில் ஊர்ந்து வேலை பார்த்தவர்கள். கம்பெனி தரப்பு டாக்டர் 'இது சிகரெட்டால் வந்தது' என்று எழுதிவிட்டால் வருஷக்கணக்காக வழக்கு நடத்துகிறவர்கள். தீர்ப்பு வருவதற்குள் செத்துப்போகிறவர்களும் உண்டு.

2018-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் மூன்றே கிளினிக்குகளில், 2013 முதல் 2017 வரை, சுரங்கத் தூசி படிந்து வரும் கருநுரையீரல் நோய், அதுவும் முற்றிய நிலையில், 416 பேருக்கு. மத்திய அப்பலாச்சியாவில் 25 வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த நோய் உண்டு. அழிந்துவிட்டது என்று நினைத்த நோய் திரும்பி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தடித்த நிலக்கரி அடுக்குகளை நூறு வருஷமாக வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பவை மெல்லிய அடுக்குகள். இயந்திரமும் ஆளும் உள்ளே போக வேண்டுமானால் மேலும் கீழும் இருக்கும் பாறையையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். அந்தப் பாறைத் தூளில் இருப்பது சிலிக்கா. நிலக்கரித் தூசியைவிடப் பல மடங்கு வேகமாக நுரையீரலை அது தின்கிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் தாத்தாக்களாக இல்லாமல் நாற்பது வயதுக்காரர்களாக இருப்பது இதனால்தான்.

சிலிக்கா இந்த மலைக்குப் புதிதில்லை. பெக்லியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஹாக்ஸ் நெஸ்ட். நீங்கள் எல்லோரும் இலையுதிர் காலத்தில் படம் எடுக்கப் போகிற இடம்தான். 1930-லும் 31-லும் நியூ ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்க அந்த மலையைக் குடைந்தார்கள். யூனியன் கார்பைடின் திட்டம். உள்ளே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத்தவர். முகமூடி கிடையாது, தூசி அடங்கத் தண்ணீரும் சரியாக அடிக்கவில்லை. அங்கே நிற்கும் அரசுப் பலகை 476 சாவு என்று சொல்கிறது. அதைவிட அதிகம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பலர் பெயரில்லாமல் புதைக்கப்பட்டார்கள்.

யூனியன் கார்பைடு என்றதும் நமக்கு போபால் ஞாபகம் வரும். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த அதே மீத்தைல் ஐசோசயனேட்டை, சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் இன்ஸ்டிடியூட் என்ற ஊரிலும் அதே கம்பெனி தயாரித்தது. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி ஒன்றின் ஓரத்தில்தான் அந்த ஆலை. போபால் செய்தி வந்ததும் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 1985 ஆகஸ்டில் அங்கேயும் வேறொரு நச்சு வாயு கசிந்து 135 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை பின்னால் பேயர் கைக்கு மாறியது. 2008-ல் நடந்த வெடிப்பில் இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். 2011-ல்தான் அந்த ரசாயனத்தைத் தயாரிப்பது நின்றது. டென்னசியில் இருக்கும் ஹைலாண்டர் மையமும் டெல்லியில் இருக்கும் பிரியா அமைப்பும் 1985-லேயே சேர்ந்து போபால் பற்றி ஓர் அறிக்கை போட்டிருக்கின்றன. இந்த மலைக்காரர்கள் நம்மை நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே தேடி வந்திருக்கிறார்கள். இங்கேயே குடியிருக்கும் நாம் அவர்களுடைய மாநாட்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர்களே, உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். 1962-ல் கொலராடோவைச் சேர்ந்த டொனால்ட் ராஸ்முசென் என்ற டாக்டர் பெக்லிக்கு வேலைக்கு வந்தார். உங்களைப் போலவே வெளியூர்க்காரர். மூச்சு வாங்குகிறது என்று வருகிற சுரங்கத் தொழிலாளிகளை நடக்கவைத்து, ரத்தத்தில் ஆக்சிஜனை அளந்து பார்த்தார். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாதவருக்கும் மூச்சு போயிருந்தது. நிலக்கரித் தூசி தீங்கு செய்யாது என்று அப்போது மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ராஸ்முசென், இதய மருத்துவர் பஃப், நோய்க்குறியியல் படித்த வெல்ஸ் மூவரும் பள்ளிக்கூடம், சங்கக் கூடம் என்று இரவிரவாகப் போய்ப் பேசினார்கள். காய்ந்த நுரையீரல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் நசுக்கிப் பொடியாக்கிக் காட்டுவாராம் வெல்ஸ். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தங்கள் நெஞ்சுக்குள் இருப்பது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

1969 பிப்ரவரியில், நம் ராலே கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஈஸ்ட் கல்ஃப் சுரங்கத்தில், ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் மாநிலம் முழுக்க 40,000 பேர். சங்கத் தலைமை சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. மார்ச் 11-ல் ஆளுநர் இழப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே இறங்கினார்கள். அந்த வருஷம் முடியுமுன் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ராஸ்முசென் ஊர் திரும்பவில்லை. கடைசிவரை பெக்லியில் இருந்து பல்லாயிரம் நெஞ்சுகளைச் சோதித்தார். 2015-ல் இறந்தார்.

உங்களில் பலர் ஜே-1 விசாவில் படித்துவிட்டு, அந்த விசாவின் விதிப்படி இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டியதைத் தவிர்க்க, டாக்டர் இல்லாத ஊரில் மூன்று வருஷம் வேலை பார்க்கிறேன் என்று எழுதிக்கொடுத்து வந்தவர்கள். 1965-ல் தொடங்கிய அப்பலாச்சிய வட்டார ஆணையமே அந்த விலக்குக்குப் பரிந்துரை கொடுக்கிறது. மூன்று வருஷம் முடிந்ததும் போகிறீர்கள். பிள்ளைகள் படிப்பு, கோயில், நல்ல அரிசி கிடைக்கிற கடை எல்லாம் நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் என் நோயாளிகள் கேட்கிறார்கள்: "அந்த டாக்டரும் போயிட்டாரா?" முதல் தடவையிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், பழைய எக்ஸ்ரேயைத் தேட வேண்டும். வழக்கில் காரணத்தோடு நாலு பக்கம் எழுதிக்கொடுக்கிற டாக்டரின் கடிதம்தான் எல்லாம். அந்த நாலு பக்கத்தை எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது மாநாட்டில் ஓர் அறையில் ஒரு மணி நேரம் பேச வேண்டிய விஷயம். தலைப்பை முந்தின வருஷமே எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு நான் உதவுகிறேன்.

நாம் அவர்களிடம் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. 1977 ஏப்ரலில் டக் ஃபோர்க் ஆற்றில் வெள்ளம் வந்து வீடுகள் போயின. தற்காலிக வீடு வைக்கச் சமமான இடம் வேண்டும் என்றபோது இடமில்லை. இருக்கிற நிலமெல்லாம் வெளியூர்க் கம்பெனிகள் பெயரில் இருந்தது. சரி, யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். ஆறு மாநிலங்களில் 80 கவுண்டி. நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய், வரிப் பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதினார்கள். நம் ஊரில் பட்டா, சிட்டாவுக்குத் தாலுகா ஆபீசில் கால்கடுக்க நின்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று புரியும். 1981-ல் கணக்கு வந்தது. உள்ளூரில் நூற்றில் ஒருவரும், வெளியூர் உடைமையாளர்களும், கம்பெனிகளும், அரசுத் துறைகளுமாகச் சேர்ந்து அந்த 80 கவுண்டிகளின் நிலத்தில் குறைந்தது 53 சதவீதத்தை வைத்திருந்தார்கள். மலைக்காரன் சோம்பேறி என்று யாராவது சொன்னால், இந்த ஒரு கணக்கை எடுத்து மேஜைமேல் வையுங்கள். அடியில் இருக்கும் நிலக்கரி வேறொருவன் பெயரில் இருந்தால், உன் வாசலையே தோண்டலாம் என்று கென்டக்கியில் பழைய பத்திரங்கள் இருந்தன. 1965-ல் ஓலி கூம்ஸ் என்ற விதவைத் தாய் புல்டோசர் முன்னால் படுத்து, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தைச் சிறையில் சாப்பிட்டார். 1988-ல் கென்டக்கி மக்கள் வாக்களித்து, அப்படித் தோண்டுவதைத் தடுக்க அரசியலமைப்பையே திருத்தினார்கள்.

இதையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாநாட்டில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, அந்தப் பதிவேடுகளைப் புரட்டிய ஒரு பாட்டி சொல்லித்தான் முதலில் கேட்டேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று. "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் நீங்கள் பெக்லி என்கிறீர்கள். கேட்டவர், "இல்ல, நிஜமா எந்த ஊர்?" என்கிறார். இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வருவதில்லை. கென்டக்கிக் கவிஞர் ஃபிராங்க் எக்ஸ் வாக்கர் ஒரு நாள் அகராதியைத் திறந்தபோது, அப்பலாச்சியர் என்றால் மலையில் வாழும் வெள்ளையர் என்று போட்டிருந்தது. கறுப்பினத்தவரான அவர் அதை மூடி வைத்துவிட்டு 1991-ல் அஃப்ரிலாச்சியர் என்று தானே ஒரு சொல் செய்தார். இன்றைக்கு அந்தச் சொல் அகராதியில் இருக்கிறது. பதின்மூன்று மாநிலம், 423 கவுண்டி, இரண்டரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழ்கிற இந்த மலையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. மாநாட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்காருங்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம். இங்கே நீரிழிவை வயதானவர்கள் என்னவென்று சொல்வார்கள் தெரியும்தானே? "எனக்கு சுகர் இருக்கு." முதல் நாள் ஒரு பாட்டி அப்படிச் சொன்னபோது, திருச்சியில் எங்கள் அத்தை பேசுவது மாதிரியே இருந்தது. வெளியே போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏன் இந்த வருஷம் என்று வற்புறுத்துகிறேன் என்றால், நேரம் சரியில்லை. சிலிக்கா தூசி அளவைப் பாதியாகக் குறைக்கும் விதி 2024-ல் வந்தது. 2025 ஏப்ரலில் நிலக்கரிச் சுரங்கங்களில் அமலாக வேண்டியது, நீதிமன்றத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் மார்கன்டவுனில் சுரங்கத் தொழிலாளிகளின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் அரசுப் பிரிவில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு சுரங்கத் தொழிலாளி வழக்குப் போட்டார். மே மாதம் சார்ல்ஸ்டன் நீதிபதி அந்தப் பிரிவைத் திரும்பத் திறக்கச் சொன்னார். தன் நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு அவர் நீதிமன்றம் போனார். படித்த நாம் ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கக் கூடாதா?

பீன்ஸ் கொடுத்த அந்த மனிதரும் இந்த வருஷம் வருகிறார். பேச அல்ல, கேட்க. பேச மூச்சு போதாது. தூரத்தையும் படிக்கட்டையும் நினைத்து அவர் மனைவிக்குப் பயம். வளாகத்தில் சரிவுப் பாதை எந்தப் பக்கம் இருக்கிறது, ஆக்சிஜன் கருவிக்கு பிளக் எந்த அறையில் இருக்கிறது என்று மாநாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

அவருக்கு முன் இருக்கை. கருவியும் உபரி சிலிண்டரும் காலடியில். பின்னால் மூன்று பேர் உட்காரலாம். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டி எடுத்து வருகிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று பிப்ரவரி முடிவதற்குள் சொல்லுங்கள். மூன்று பேருக்கு மேல் ஆனால் இரண்டாவது வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும்.

அன்புடன்,
பெக்லியிலிருந்து உங்கள் சகோதரி